இலவசமாகப் பகிர்ந்த படைப்பை வேறு யாராவது விற்றால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை எழுதி இணையத்தில் சும்மா கொடுக்கிறவர்கள், மார்கழிக் கோலங்களைப் படமெடுத்துப் போடுகிறவர்கள், ஊர் ஊராகப் போய்க் கோயில் சிற்பங்களைப் படம்பிடித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் என்றாவது ஒருநாள் ஒரு நண்பரிடமிருந்து செய்தி வரும்: "இது உன்னுடையதுதானே? இங்கே காசுக்கு விற்கிறார்களே!" அந்தச் செய்திக்கு முன்னும் பின்னும் எழும் கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டியவை. வழக்கு என்று இறங்குவதானால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இலவசமாகக் கொடுத்துவிட்டேன். அப்புறமும் எனக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் தாகத்துக்குக் குடிக்கச் சொல்கிறார். குடத்தில் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில் விற்கச் சொல்லவில்லை.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிய அல்லது படமெடுத்த அந்தக் கணமே உரிமை உங்களுடையதாகிவிடுகிறது. விலை வைத்தீர்களா இல்லையா என்று சட்டம் கேட்பதில்லை. உங்கள் வாழ்நாள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். அதைக் கைவிட வேண்டுமென்றால் 21ஆம் பிரிவின்படி பதிப்புரிமைப் பதிவாளருக்கோ பொது அறிவிப்பாகவோ தெரிவிக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகப் போட்டதே கைவிட்டதாகிவிடாது.

1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் இருப்பதால், அதில் சேர்ந்துள்ள மற்ற நாடுகளிலும் உங்கள் படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு.

எந்த உரிமமும் எழுதவில்லை. "எல்லோரும் ஷேர் பண்ணுங்க" என்று மட்டும் போட்டிருந்தேன். அது போதுமா?

போதாது. எடுத்து விற்றவர் நாளைக்கு அந்த ஒரு வரியைத்தான் தூக்கிக் காட்டுவார். "ஷேர் பண்ணச் சொன்னார், பண்ணினேன்" என்பார். வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் புத்தகமாக அச்சடித்து விற்பதும் ஒன்றில்லை என்று நீங்கள் வாதிடலாம், ஜெயிக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் வாதிட வேண்டிய நிலைமையே வராமல் ஒரு வரி தடுத்திருக்கும்:

"© பெயர், ஆண்டு. என் பெயரையும் இந்தச் சுட்டியையும் குறிப்பிட்டு, மாற்றாமல், காசு வாங்காமல் பகிரலாம். அச்சிடவோ விற்கவோ ஒலி, காணொளி ஆக்கவோ எழுதி அனுமதி பெறவும்: மின்னஞ்சல்."

மின்னஞ்சல் முகவரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்டே வாங்கலாம் என்று நினைக்கும் நாணயமான பதிப்பாளர்களும் உண்டு. அவர்களுக்கு உங்களைத் தொடர்புகொள்ள ஒரு வழி வேண்டாமா?

கிரியேட்டிவ் காமன்ஸ் என்கிறார்களே, அதில் எதைப் போடுவது?

படைப்பைப் பகிர்வதற்கான ஆயத்த உரிமங்களைத் தரும் அமைப்பு அது (சுருக்கமாக சிசி), 2001இல் அமெரிக்காவில் தொடங்கியது. முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன. இப்போது புழக்கத்தில் இருக்கும் 4.0 பதிப்பு 2013 நவம்பரில் வந்தது. மொத்தம் 6 உரிமங்கள். எல்லாமே நான்கு நிபந்தனைகளைக் கலந்து செய்தவை: பெயர் குறிப்பிடு (பை), விற்காதே (என்சி), மாற்றாதே (என்டி), மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் விடு (எஸ்ஏ). பெயர் குறிப்பிடுவது ஆறிலும் உண்டு. இவை தவிர சிசி-ஜீரோ என்று ஒன்று உள்ளது. அதைப் போட்டால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம்.

இங்கே அடிக்கடி வழுக்குகிற இடங்கள் மூன்று.

முதலாவது யூடியூப். காணொளியை ஏற்றும்போது "கிரியேட்டிவ் காமன்ஸ்" என்று ஒரு தெரிவு வரும். நல்ல காரியம் என்று நினைத்துப் பலர் அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். யூடியூப் தருவது சிசி-பை மட்டும்தான். யாரும் உங்கள் காணொளியை வெட்டி ஒட்டிக் காசு பார்க்கலாம், உங்கள் பெயரைச் சொன்னால் போதும். வணிகப் பயன்பாடு வேண்டாம் என்றால், யூடியூபின் வழக்கமான உரிமத்தையே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது விக்கிமீடியா காமன்ஸ். அங்கே என்சியும் என்டியும் செல்லாது. நீங்கள் ஏற்றும் தஞ்சைப் பெரிய கோயில் படத்தை நாளைக்கு ஒரு காலண்டர்க்காரர் அச்சடித்து விற்றால், உங்கள் பெயரும் உரிமமும் அதில் இருக்கும்வரை அவர் தப்பு செய்யவில்லை. இதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் அங்கே ஏற்றாதீர்கள். "சின்ன அளவுப் படத்தை மட்டும் கொடுக்கிறேன், பெரியதை வைத்துக்கொள்கிறேன்" என்பார்கள் சிலர். இரண்டும் ஒரே படைப்புதான், ஆகவே உரிமம் பெரியதற்கும் பொருந்தும் என்று வாதிட இடமிருக்கிறது. அந்த உத்தியை நம்பாதீர்கள்.

மூன்றாவது சிசி-ஜீரோ. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித் தன் படங்களை அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்து, பொதுமக்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டிருந்தார். கடைசியில் அவர் எடுத்த படத்தை அவருடைய அறக்கட்டளையே தன் தளத்தில் பயன்படுத்தியதற்கு 120 டாலர் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. 2016இல், படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் உள்ளிட்ட நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டார். பதிப்புரிமையின் பெயரில் அவர் கேட்டது தள்ளுபடியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பொதுக் களத்துக்கே விட்டுக்கொடுத்த பிறகு பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூட மிச்சமிருப்பதில்லை.

என் பரிந்துரை: கதை, கட்டுரை, கோலம் என்றால் பை-என்சி-எஸ்ஏ. பாடம், கையேடு, மென்பொருள் வழிகாட்டி என்றால் பை-எஸ்ஏ. என்டியை நான் யாருக்கும் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பைக்கூட அது தடுத்துவிடும்.

என்சி போட்டால் யாருமே காசு பார்க்க முடியாதா?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உரிமத்தின் வாசகம் சொல்வது, வணிக ஆதாயத்தையோ பண வரவையோ முதன்மை நோக்கமாகக் கொண்ட பயன்பாடு கூடாது என்பதுதான். "முதன்மை" என்ற அந்த ஒரு சொல்லில்தான் சண்டை முழுவதும்.

அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற அமைப்பு தன் கணக்குப் பாடப் புத்தகங்களை பை-என்சி-எஸ்ஏ உரிமத்தில் இலவசமாக விட்டிருந்தது. பள்ளிகள் அதை ஃபெடெக்ஸ் கடைகளில் கொடுத்துக் காசு கட்டிப் பிரதி எடுத்தன. "ஃபெடெக்ஸ் லாபம் பார்க்கிறதே" என்று வழக்கு. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெடெக்ஸ் பக்கம் நின்றது: பள்ளியின் நோக்கம் வணிகமல்ல, ஜெராக்ஸ் கடை அதன் கை மாதிரிதான் வேலை செய்தது. ஆஃபீஸ் டிப்போ என்ற இன்னொரு நிறுவனத்தின் மீது போட்ட வழக்கிலும் 2019இல் இதே முடிவுதான்.

ஜெர்மனியில் டாய்ச்லாண்ட்ராடியோ என்ற பொது வானொலி, என்சி உரிமம் கொண்ட ஒரு படத்தைத் தன் தளத்தில் போட்டது. கொலோன் நகரக் கீழ் நீதிமன்றம், என்சி என்றால் சொந்தப் பயன்பாடு மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. 2014இல் மேல் நீதிமன்றம் அந்த வியாக்கியானத்தை ஏற்கவில்லை. உரிமம் சரியாக வரையறுக்காத இடத்தில், அந்தச் சந்தேகத்தின் பலன் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே போகும் என்றது.

சரி, நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். உங்கள் கதையை வாசித்து விளம்பரத்துடன் யூடியூபில் ஓடவிடும் சேனல்: தெளிவாக வணிகம் என்பேன். கிராமத்துப் பள்ளி ஆண்டு மலரில் உங்கள் கவிதை, பின்னட்டையில் ஜவுளிக்கடை விளம்பரம்: வணிகமல்ல என்பேன். ஜவுளிக்கடையே தன் தீபாவளி பேனரில் உங்கள் கோலத்தைப் போட்டால் வணிகம். கோயில் அறக்கட்டளை கும்பாபிஷேக மலரை 200 ரூபாய்க்கு விற்கிறது என்றால்? இரண்டு பக்கமும் பேசலாம். இப்படிப்பட்ட இடங்களுக்காகவே, எது உங்களுக்குச் சம்மதம், எது இல்லை என்று படைப்பின் கீழ் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதிவிடுவது நல்லது. ஒன்று கவனம்: அந்த வரிகள் உரிமம் தந்ததைத் தாராளமாக்கலாம், விளக்கலாம், குறுக்கக் கூடாது.

எஸ்ஏ எப்படிக் காப்பாற்றும்? அதில் விற்கலாமே?

விற்கலாம். ஆனால் விற்றவர் அதைப் பூட்டி வைக்க முடியாது. உங்கள் கையேட்டை விரிவாக்கி ஒருவர் புத்தகம் போட்டால், அந்தப் புத்தகத்தையே யார் வேண்டுமானாலும் நகலெடுத்துச் சும்மா கொடுக்கலாம். ஏகபோக லாபம் தேடி வருகிறவருக்கு இது பிடிக்காது, நகர்ந்துவிடுவார். பூட்டி வைக்காமல் விற்க முன்வருகிறவர் அநேகமாக உங்கள் கூட்டாளி ஆகக்கூடியவர்.

புகைப்படத்துக்கு இந்தக் காவல் பலவீனமானது. அமெரிக்காவில் ஒரு நிலப்பட நிறுவனம் ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் இருந்த பை-எஸ்ஏ படத்தைத் தன் நிலப்படத் தொகுப்பின் அட்டையில் போட்டு விற்றது. தொகுப்பு முழுவதும் இலவசமாக வேண்டும் என்று படமெடுத்தவர் கேட்டார். அட்டையில் படம் போட்டதால் தொகுப்பு அந்தப் படத்தின் வழிப்படைப்பு (அதை மாற்றி உருவாக்கிய படைப்பு) ஆகிவிடாது என்று 2015இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. படத்துக்கு எஸ்ஏ போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

இந்த இலவச உரிமங்களை நீதிமன்றங்கள் மதிக்கின்றனவா?

மதிக்கின்றன. 2006இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், தொலைக்காட்சிப் புகழ் ஆடம் கரி என்பவரின் என்சி உரிமக் குடும்பப் படங்களை அனுமதியில்லாமல் அச்சிட்ட வார இதழைக் கண்டித்தது. இனிமேல் வெளியிட்டால் படத்துக்கு 1,000 யூரோ என்றது. 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பொம்மை ரயில்களை இயக்கும் ஓர் இலவச மென்பொருள் தொடர்பான வழக்கில், இலவச உரிமத்தின் நிபந்தனையை மீறுவதும் பதிப்புரிமை மீறலாகலாம் என்றது. காசு வாங்காமல் கொடுத்தவனுக்கும் பொருளாதார நலன் உண்டு, பெயரும் வாசகரும் சேர்வதே ஒரு வரவு என்ற அந்தத் தீர்ப்பின் வாதம் நம் வக்கீல் நோட்டீஸ்களில் அதிகம் இடம்பெற வேண்டியது.

வாட்டர்மார்க் போட்டால் பாதுகாப்பா? ரைட் கிளிக்கைத் தடுத்தால்?

ரைட் கிளிக்கைத் தடுப்பது உங்கள் வாசகரை மட்டுமே தொந்தரவு செய்யும். திருடுகிறவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

வாட்டர்மார்க் படத்தைக் காக்காது, ஆனால் வழக்கைக் காக்கும். 2012 திருத்தத்தில் சேர்ந்த 65பி பிரிவின்படி, உரிமைத் தகவலைத் தெரிந்தே, அதிகாரமில்லாமல் அழிப்பது தனிக் குற்றம். 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. "தெரியாமல் எடுத்துவிட்டேன்" என்று சொல்கிறவர், மூலையில் இருந்த உங்கள் பெயரை மட்டும் ஏன் அழித்தார் என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகப் போட வேண்டியதில்லை. ஒரு மூலையில் சின்னதாகப் பெயர், கோப்பின் உள்தகவலிலும் பெயர், உரிமம். அவ்வளவுதான்.

பதிவு செய்தே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் பதிவேட்டில் உள்ள விவரத்தை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக ஏற்கும் (48ஆம் பிரிவு). இலக்கியம், கலைப்படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய் கட்டணம். சரக்குகளின் மேல் பயன்படும் ஓவியம் என்றால் 2,000 ரூபாய். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள், அதன் பிறகு பரிசீலனை. ஒவ்வொரு கவிதைக்கும் 500 ரூபாய் கட்டுவது வீண். அதிகம் வாசிக்கப்படும் நாவல், அதிகம் திருடப்படும் படம், இவற்றுக்கு மட்டும் செய்யலாம்.

தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பதிவுக்கு அது ஈடாகாது.

யாரோ விற்பதைப் பார்த்துவிட்டேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

முகநூலில் பொங்கி எழுதக் கூடாது. எழுதினால் பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் காணாமல் போய்விடும், உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

முதலில் சான்று. முகவரியும் தேதியும் தெரியும்படி முழுப் பக்க ஸ்கிரீன்ஷாட். அந்தப் பக்கத்தை வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களைத் தேதியோடு காப்பகப்படுத்தும் தளம்) சேமித்துவிடுங்கள். விற்பனைப் பொருள் என்றால் ஒரு பிரதி வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில், மூலக் கோப்பு, முதலில் வெளியிட்ட சுட்டி, அன்று என்ன உரிமம் போட்டிருந்தீர்கள் என்பதற்கான ஆதாரம். நீதிமன்றம் வரை போனால் மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி என்று சொல்லி வந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு. ஆகவே எந்த ஃபோனில், எந்தக் கணினியில் எடுத்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

அப்புறம் நிதானமாக ஒரு கடிதம். இப்படி:

"ஐயா/அம்மா, வணக்கம். இந்தச் சுட்டியில் நீங்கள் விற்கும் நூலின் இன்னின்ன பக்கங்களில் உள்ளது, நான் இந்தத் தேதியில் இந்தச் சுட்டியில் வெளியிட்ட கதை. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லாத உரிமத்தில் அதை வெளியிட்டிருக்கிறேன். 7 நாட்களுக்குள் விற்பனையை நிறுத்திவிட்டு, இதுவரை எத்தனை பிரதிகள் விற்றன என்று தெரிவியுங்கள். தொடர்ந்து விற்க விரும்பினால் அதற்கான நிபந்தனைகளைப் பேசலாம். – பெயர், தேதி"

கடைசி வரியைச் சேர்க்கப் பலருக்கு மனம் வருவதில்லை. ஆனால் எதிராளி பதில் எழுதுவதே அநேகமாக அந்த வரிக்குத்தான்.

பதில் இல்லையா? விற்கும் தளத்தில் புகார் செய்யுங்கள். பெரிய தளங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற மின்வெளிப் பதிப்புரிமைச் சட்டப்படி நடப்பவை. அதற்கான படிவத்தை வைத்திருக்கும், புகார் வந்தால் அந்தப் பொருளை இறக்கிவிடும். எதிராளி மறுப்புத் தெரிவித்தால், நீங்கள் வழக்குப் போடாத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாட்களில் அது மறுபடி ஏறிவிடும். கிண்டிலைப் பொறுத்தவரை, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை உரிமையாளரைத் தவிர மற்றவர் விற்க அமேசானின் விதியே அனுமதிப்பதில்லை. அந்த விதியைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். யூடியூபில் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை சேர்ந்தால் சேனலையே மூட முடியும் என்பதால், அங்கே சேனல்காரர் சீக்கிரம் பேச வருவார். பொய்ப் புகார் கொடுத்தால் உங்களுக்கும் சிக்கல். ஆகவே சிசி-பை போட்டுவிட்டு மறந்தவர்கள் முதலில் தங்கள் பக்கத்தைச் சரிபார்க்கவும்.

இந்தியச் சட்டத்திலும் வழி உண்டு. எழுத்தில் புகார் போனால் இடைநிலைத் தளம் (மற்றவர்கள் ஏற்றியதைக் காட்டும் தளம்) 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் திறந்துவிடலாம்.

அச்சில் வந்தால் காலம் முக்கியம். சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கன்றே வெளியாகிவிடும், ஆர்டர்கள் அப்போதிருந்து குவியும். ஆடியில் கண்டுபிடித்தால் அச்சடிப்பதைத் தடுக்கலாம். தையில் கண்டுபிடித்தால் காலண்டர் எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்கும். அப்போது பேச மிச்சமிருப்பது பணம் மட்டும்தான்.

"கூகுளில் கிடைத்தது, உங்களுக்கும் விளம்பரம்தானே" என்கிறார்கள். என்ன சொல்ல?

கூகுள் தேடித்தான் தருகிறது, உரிமம் தருவதில்லை. விளம்பரம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். ஒன்று மட்டும்: எதிராளிக்கு உண்மையிலேயே தெரியாது, சந்தேகிக்கக் காரணமும் இல்லை என்று நிரூபணமானால், 55ஆம் பிரிவின்படி தடையும் லாபத்தில் நியாயமான பங்கும்தான் கிடைக்கும், நஷ்ட ஈடு கிடைக்காது. உங்கள் பெயரும் உரிமமும் படைப்பின் மேலேயே இருந்தால் இந்தச் சாக்கு எடுபடாது.

எவ்வளவு பணம் கேட்கலாம்?

வழக்கமாக அந்த மாதிரிப் பயன்பாட்டுக்கு என்ன வாங்குவீர்களோ அதிலிருந்து தொடங்குங்கள். இதுவரை வாங்கியதே இல்லை என்றால், அதே அளவு வேலைக்கு மற்றவர்கள் வாங்குவதைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இலவசப் படங்களைத் தூண்டில் மாதிரி விட்டு, பெயர் குறிப்பிடுவதில் சின்னப் பிழை செய்தவர்களிடமெல்லாம் நோட்டீஸ் அனுப்பிப் பெரும் தொகை கறக்கும் ஆட்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் வரிசையில் சேர வேண்டாம். சிசி 4.0 உரிமமே, பிழையைக் கண்டுகொண்ட 30 நாட்களுக்குள் திருத்தினால் உரிமம் தானாக உயிர்பெறும் என்கிறது. அந்த இடைப்பட்ட காலத்துக்கு நிவாரணம் கேட்கும் உரிமை உங்களுக்குப் போகாது. ஆனாலும் பெயரை விட்டுவிட்ட கல்லூரி மாணவரிடம் போய் வசூல் செய்வது அழகில்லை. போதாததற்கு, ஆதாரமில்லாமல் மிரட்டினால் 60ஆம் பிரிவின் கீழ் அவரே உங்கள்மீது வழக்குப் போடலாம்.

போலீசுக்குப் போகலாமா?

போகலாம். தெரிந்தே மீறுவது 63ஆம் பிரிவின்படி குற்றம்: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையில்லாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் நிட் ப்ரோ வழக்கில் தெளிவாக்கியது. முழு நூலையும் நகலடித்து மூட்டை மூட்டையாக விற்பவருக்கு இது சரியான மருந்து. ஒரு கவிதையை வாழ்த்து அட்டையில் போட்டவருக்கு இது அதிகப்படி.

வழக்குப் போட்டால் கட்டுப்படியாகுமா?

பயப்படும் அளவுக்கு இல்லை. 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். விற்கிறவர் டெல்லியில் இருக்கிறார் என்று டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. கோரிக்கையின் மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் வணிக நீதிமன்ற வழக்காகிவிடும்; அவசரத் தடை கேட்காத வழக்கில் முதலில் சமரசப் பேச்சு கட்டாயம். மீறல் நடந்து 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள். பட்டியல் சாதி, பழங்குடியினரும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கும். கோலம் போடும் அக்காக்கள், சமையல் குறிப்பு எழுதும் அம்மாக்கள் யாரும் வக்கீல் ஃபீஸை நினைத்து ஒதுங்க வேண்டாம். (சமையல் குறிப்பில் பொருள் பட்டியலுக்குப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம், உங்கள் நடையும் படமும்தான் உங்களுடையவை.)

பெயரை எடுத்துவிட்டு, கதையின் முடிவையும் மாற்றிவிட்டார்கள். அது தனியா?

தனிதான். 57ஆம் பிரிவு தரும் உரிமை அது. பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும், "இது என் படைப்பு" என்று சொல்லும் உரிமையும், உங்கள் மதிப்பைக் கெடுக்கும் சிதைவைத் தடுக்கும் உரிமையும் உங்களிடமே இருக்கும். விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச்சிற்பத்தைப் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டதற்காக, சிற்பி அமர்நாத் சேகல் மத்திய அரசையே எதிர்த்து 2005இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றார். சிற்பமும் 5 லட்சம் ரூபாயும் கிடைத்தன.

உரிமத்தைப் பிறகு மாற்றலாமா?

இனிமேல் எடுப்பவர்களுக்கு மாற்றலாம். ஏற்கெனவே எடுத்தவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. 2014இல் ஃபிளிக்கரில் இருந்த கோடிக்கணக்கான சிசி படங்களைச் சுவர்ப்படமாக அச்சிட்டு விற்க யாஹூ கிளம்பியது. வணிக அனுமதி தந்த படங்களை மட்டும்தான் எடுத்தார்கள், ஆகவே சட்டப்படி சரி. படமெடுத்தவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. எதிர்ப்பு கிளம்பி, சில வாரங்களில் அந்த விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். சட்டம் கைகொடுக்காத இடத்தில் கூட்டுக் கோபம் கைகொடுத்தது. எப்போதும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நான் எடுத்த கல்யாணப் படங்களை இலவசமாகப் பகிரலாமா?

அவை உங்கள் படங்கள் இல்லை என்றால் அதிர்ச்சியாக இருக்கும். 17ஆம் பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். அலுவலக வேலையாகச் செய்ததும் அப்படித்தான், முதலாளியுடையது. உரிமை இல்லாததற்கு உரிமம் கொடுக்க முடியாது.

படத்தில் இருக்கும் ஆளின் சம்மதம் வேறு கணக்கு. 2007இல் விர்ஜின் மொபைலின் ஆஸ்திரேலிய விளம்பரம் ஒன்றில், ஃபிளிக்கரிலிருந்து எடுத்த ஓர் அமெரிக்கச் சிறுமியின் படம் வந்தது. படத்துக்கு சிசி-பை இருந்தது, சிறுமியிடம் யாரும் கேட்கவில்லை. குடும்பம் வழக்குப் போட்டது. டெக்சஸ் நீதிமன்றம் தனக்கு அதிகார வரம்பில்லை என்று தள்ளிவிட்டது. முகம் தெரியும் படங்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகள் படங்களுக்கு, வணிக அனுமதி தரும் உரிமமே போடாதீர்கள்.

பழைய இலக்கியத்தைக் கஷ்டப்பட்டுத் தட்டச்சு செய்து ஏற்றினேன். ஒருவர் அதை அப்படியே அச்சிட்டு விற்கிறார்!

வயிறு எரியும். ஆனால் மூலப் பாட்டு சங்க காலத்தது. தட்டச்சு செய்த உழைப்புக்கு மட்டும் பதிப்புரிமை பிறப்பதில்லை. 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: வெறும் உழைப்பும் பணமும் போதாது, அறிவும் தேர்வும் கொஞ்சமாவது கலந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் உரை, குறிப்பு, பாடபேத ஒப்பீடு, முன்னுரை ஆகியவை உங்களுடையவை. 1998 முதல், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளில் தன்னார்வலர்கள் உள்ளிட்டது எத்தனையோ பதிப்புகளுக்கு நன்றி வரிகூட இல்லாமல் மூலமாகியிருக்கலாம். அதைச் சட்டத்தால் பிடிக்க முடியாது. நன்றி சொல்லாத பதிப்பாளரைப் பற்றிப் பேச வாசகர்களுக்குத் தடையில்லை.

எழுத்துரு வடிவமைத்திருக்கிறேன்.

எழுத்துருக்களுக்கென்றே உள்ள இலவச உரிமமான ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் போடுங்கள். மீரா இனிமை, லோகித் தமிழ் எல்லாம் அந்த உரிமத்தில் வந்தவைதான். எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது, மென்பொருளோடு சேர்த்துத் தரலாம். அதைக் கொண்டு அச்சிட்ட புத்தகத்தை விற்கத் தடையே இல்லை.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றனவே?

உரிமத்தின் நிபந்தனை, சட்டப்படி அனுமதி தேவைப்படும் இடத்தில் மட்டுமே செல்லும். படைப்புகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்க அனுமதி தேவையா என்பதே இந்தியாவில் கேள்விதான். ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு இதைப் பற்றியதே. உங்கள் தளத்தின் ரோபாட்ஸ் கோப்பில் (தளத்தைப் படிக்க வரும் நிரல்களுக்கு வழிசொல்லும் கோப்பு) வேண்டாம் என்று எழுதலாம். அது வேண்டுகோள், பூட்டு அல்ல.

இலங்கையில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

கிரியேட்டிவ் காமன்ஸ் பகுதி முழுக்கப் பொருந்தும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். உரிமை வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும். அங்கும் படைத்த கணமே உரிமை. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டுச் சட்டம், மலேசியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம். பிரிவு எண்களும் தண்டனைகளும் மாறும்.

என்சி போட்ட என் நாவலை நானே விற்கலாமா?

தாராளமாக. அந்த நிபந்தனை மற்றவர்களுக்கு, உங்களுக்கு இல்லை. இலவச மின்னூல் ஒரு பக்கம், விலைக்கு அச்சு நூல் இன்னொரு பக்கம் என்று பலர் செய்கிறார்கள். ஆனால் கிண்டிலின் செலக்ட் திட்டத்தில் சேர்க்க முடியாது. மின்னூல் வேறு எங்கும் கிடைக்கக் கூடாது என்பது அதன் விதி.

பதிப்பாளரிடம் கொடுப்பதானால், இது ஏற்கெனவே சிசி உரிமத்தில் வெளியானது என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முழு உரிமையையும் தந்ததாக நீங்கள் கையெழுத்திட்டிருப்பீர்கள், இணையத்தில் இலவசப் பிரதி சட்டப்படியே சுற்றிக்கொண்டிருக்கும், பதிப்பாளர் உங்களைத்தான் கேட்பார். எத்தனை ஆண்டுக்கு, எந்த நாட்டுக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் 19ஆம் பிரிவின்படி 5 ஆண்டு, இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். பல எழுத்தாளர்களுக்கு அது சாதகமாகவே முடியும். பதிப்பாளர் நீட்டும் காகிதத்தில் "உலகெங்கும், என்றென்றைக்கும்" என்று அச்சாகியிருந்தால் அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் போடுங்கள்.